வினையடைக்கு வந்த தடை

ஒரு செயல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காட்டும் வினையடை, ஆங்கில வாக்கியத்தில் பல இடங்களில் நிற்கக்கூடியது. ஆயினும் 'டு' என்னும் சிறுசொல்லுக்கும் அதனைத் தொடரும் வினையடிக்கும் இடையே அது நுழையலாகாது என்றொரு விதி நூறாண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் கோலோச்சியது. லத்தீனைப் பின்பற்றிய 18ஆம் நூற்றாண்டு இலக்கணிகள் விதித்தது இது என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். அக்காலத்தின் முதன்மையான நூல்களில் அதற்குச் சான்று இல்லை. 1762இல் வெளிவந்த ராபர்ட் லவுத்தின் இலக்கணம், வினையடை பெரும்பாலும் பெயரடைக்கு முன்னும் வினைக்குப் பின்னும் வரும் என்றும், துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் அடிக்கடி நிற்கும் என்றும் கூறியதேயன்றி, 'டு'வைக் குறித்துத் தடை எதுவும் விதிக்கவில்லை. பள்ளிகள்தோறும் பரவிய லிண்ட்லி மரேயின் நூலும் (1795) அவ்வாறே.

உண்மையில் அந்த இடைநுழைவு மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டில் ஜான் விக்ளிஃபும் அடுத்த நூற்றாண்டில் ரெஜினால்ட் பெக்காக்கும் அதனைக் கையாண்டனர். பின்னர் அது அருகி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் தழைத்தது. மீண்டு வந்த வழக்கைப் புதிய பிழையாகக் கருதியோரே தடையை எழுப்பினர். 1834இல் நியூ இங்கிலாந்து மேகசின் என்னும் அமெரிக்க இதழில் பெயர் வெளியிடாத ஒருவர் அதனைக் கல்லாதோர் வழக்கு என்று கண்டித்தார். 1864இல் கேன்டர்பரி தேவாலயத்தின் டீனாகிய ஹென்றி ஆல்ஃபோர்ட், அவ்வாறு பேசுவோரும் எழுதுவோரும் ஆங்கிலத்தில் இல்லை என்னும் பொருள்பட எழுதினார். லத்தீன் இலக்கணமன்று, பழைய நூல்களைப் புரட்டிப் பாராத இந்த உறுதியே விதியின் வேர் எனல் தகும். 1926இல் எச். டபிள்யூ. ஃபவுலர், விதியை அறியாமலேயே அதற்கு அஞ்சுவோரைத் தனி வகுப்பாகப் பிரித்துக் காட்டி, அவ்வச்சம் இயல்பான வாக்கியங்களை எவ்வாறு முறுக்குகிறது என்பதை விளக்கினார்.

அச்சம் 'டு'வைக் கடந்தும் பரவியது. 1787இல் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் குடியரசுத் தலைவர் உறுதிமொழியில், 'உண்மையாக' எனப் பொருள்படும் 'ஃபெய்த்ஃபுல்லி', லவுத் கூறியவாறே துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் நிற்கிறது. 2009 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், பராக் ஒபாமாவுக்கு அதனைச் சொல்லிக்கொடுக்கையில் அச்சொல்லை வாக்கியத்தின் இறுதிக்கு நகர்த்திவிட்டார். வினைத்தொடரைப் பிளக்கலாகாது என்று ஊறிப்போன பழக்கமே அதற்குக் காரணமாகலாம் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். உறுதிமொழி மறுநாள் வெள்ளை மாளிகையில், சொல் தனக்குரிய இடத்தில் நிற்க, மீண்டும் எடுக்கப்பட்டது.