300 மீற்றர் சுடுதல்: சுவிஸ் வாழ் எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

சுவிற்சர்லாந்தின் கிராமங்களில் சனிக்கிழமைகளில் கேட்கும் வெடிச்சத்தம் எங்களைப் போன்றவர்களுக்குப் பழக நாளெடுக்கும். நான் இறுப்பிட்டியில் பிறந்து, 1991இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் இங்கு வந்து சேர்ந்தவன். என் மகன் இந்நாட்டில் பிறந்து சுவிஸ் குடியுரிமை பெற்றவன். இளையோர் சுடுபயிற்சிக்குப் போகப்போவதாக அவன் சொன்னபோது எங்கள் வீட்டில் எழுந்த கேள்விகள் இன்னும் பல தமிழ்க் குடும்பங்களில் எழக்கூடியவை. நான் விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றை இங்கு தொகுத்துத் தருகிறேன்.

இங்கு இது என்ன?

துவக்கு என்றால் இராணுவமோ இயக்கமோதான் எங்கள் நினைவுக்கு வரும். சுவிஸ் மக்களுக்கு அது கிராமத்துச் சங்கத்து விளையாட்டும்கூட. இந்நாட்டின் சுடுநர் சங்கம் 1824இல் ஆராவ் நகரில் தொடங்கப்பட்டது. நீண்டதூரச் சுடுதலுக்கு இங்கு வழக்கமான தூரம் 300 மீற்றர். ஆண்டுதோறும் வைகாசிக் கடைசியை ஒட்டி 'பெல்ட்ஷீசன்' என்னும் சுடுவிழா நாடெங்கும் நடக்கும். 300 மீற்றர் பிரிவில் 18 ரவைகள். அதிகபட்சப் புள்ளி 72. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொள்வார்கள்.

துவக்கு வழங்கப்பட்ட படையினர் பணிக்காலத்துக்கு வெளியே ஆண்டுதோறும் கட்டாயச் சுடுதலையும் முடிக்க வேண்டும். அதில் 20 ரவைகள். 85 புள்ளிகளில் குறைந்தது 42 எடுக்க வேண்டும். மூன்றுக்கு மேல் குறி தவறக் கூடாது.

யார் சேரலாம், யார் சேர முடியாது?

எம்மவர் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். சுவிஸ் ஆயுத ஆணையின் 12ஆவது பிரிவு எட்டு நாடுகளின் குடிமக்களுக்கு ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடைசெய்கிறது. சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியா ஆகியவற்றோடு இலங்கையும் அப்பட்டியலில் உள்ளது. ரவைகளும் அவற்றின் பாகங்களும் இத்தடைக்குள் அடங்கும். சுடுவதும் தடைதான். இந்த ஆணை 2008 மார்கழியில் நடைமுறைக்கு வந்தது.

'சி' வதிவிட அனுமதி கையில் இருந்தாலும், இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் தடை பொருந்தும். விளையாட்டு நிகழ்வுகளுக்கு மாநில அதிகாரிகள் விதிவிலக்காக அனுமதி வழங்கலாம். ஆகவே 'எல்லோரும் வரலாம், இலவசம்' என்று அயலவர் அன்போடு அழைத்தாலும், முதலில் மாநிலப் பொலிசின் ஆயுதப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். போரிலிருந்து தப்பி வந்தவனையே போரின் பெயரால் தள்ளிவைக்கும் சட்டம் என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆனால் சட்டம் சட்டம்தான். தெரியாமல் மீறினாலும் வதிவிட அனுமதிக்கும் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் அது இடைஞ்சலாகலாம்.

இளையோர் பயிற்சியில் 15 முதல் 20 வயது வரையான சுவிஸ் குடிமக்கள், ஆண் பெண் இருபாலாரும், சேரலாம். துவக்கு இரவலாகக் கொடுக்கப்படும்.

தொடங்குபவர் என்ன கற்கிறார்?

முதலில் கற்பிப்பது நான்கு விதிகள். எந்தத் துவக்கையும் ரவை ஏற்றப்பட்டதாகவே கருத வேண்டும். சுட விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பக் கூடாது. குறி பார்க்கும் வரை விரல் விசையில் படக் கூடாது. குறி எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். காதுக் கவசம் கட்டாயம்.

அடுத்தது மூச்சும் விசையும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல இழுக்க வேண்டும். சத்தத்துக்கு முன்பே தோள் இறுகினால் குறி தவறும். பிறகு காற்று. 300 மீற்றரைக் கடக்கச் சன்னத்துக்கு அரை வினாடிகூட ஆகாது. அதற்குள்ளும் பக்கக் காற்று அதை ஒதுக்கிவிடும். இன்றைய படைத்துவக்கின் 5.6 மில்லிமீற்றர் சன்னம் சுமார் 4 கிராம். 1911இல் வந்த பழைய 7.5 மில்லிமீற்றர் சன்னம் 11 கிராமுக்கு மேல். பாரம் குறைந்தது காற்றுக்கு அதிகம் அசையும். காற்றுக்கு வள்ளத்தைத் திருப்பத் தெரிந்த கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

கோதை மீள நிரப்புவது

ஒரு ரவையில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கோது, அடியில் பொறிமருந்து, உள்ளே எரிமருந்து, முனையில் சன்னம். சுட்டபின் மிஞ்சும் கோதை மீண்டும் நிரப்பி, தம் துவக்குக்கு ஏற்ற ரவையை ஒரே சீராக அமைப்பதையே மீள்நிரப்புதல் என்கிறார்கள். சொந்தப் பாவனைக்கு இதைச் சுவிஸ் சட்டம் அனுமதிக்கிறது. ஆயினும் நாடளாவிய விழாச் சுடுதலிலும் கட்டாயச் சுடுதலிலும் அரச ரவை மட்டுமே பாவிக்க வேண்டும். எனவே தொடங்குபவருக்கு இது அவசியமில்லை. அளவு சிறிது பிசகினாலும் துவக்கு முகத்தருகே வெடிக்கும். தயாரிப்பாளரின் அட்டவணையும் அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையும் இல்லாமல் யாரும் இதில் கைவைக்கக் கூடாது.

ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். எங்கள் தீவில் பற்றைக் காணி துப்பரவாக்கும்போதோ கிணறு இறைக்கும்போதோ பழைய ரவையோ குண்டோ கிடைக்கலாம். மண்ணில் கிடந்து கறள் பிடித்த ரவை மீள்நிரப்பும் பொருளல்ல. அதைத் தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். வெற்றுக் கோதைக்கூட ஞாபகப்பொருளாகப் பயணப் பையில் போட வேண்டாம். விமான நிலையத்தில் பெரும் சிக்கலாகும்.

வீட்டில் துவக்கு

படைக்குச் சென்ற மகன் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவரலாம். உரிமையற்றவர் கைக்கு எட்டாதபடி அதைப் பூட்டி வைக்க வேண்டும். தானியங்கித் துவக்கின் ஆணிப்பூட்டைக் கழற்றி வேறிடத்தில் பூட்ட வேண்டும். முன்பு படையினருக்கு வீட்டில் வைக்கக் கொடுத்த ரவைப் பெட்டி 2007இல் எடுத்த முடிவின்படி நிறுத்தப்பட்டுவிட்டது.

துவக்கைத் தொட மனம் ஒப்பாத பிள்ளைக்கும் வழி உண்டு. 1996 முதல் படைச்சேவைக்குப் பதிலாகக் குடிசார் சேவை இருக்கிறது. அதன் காலம் ஒன்றரை மடங்கு. முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ பணியாற்றி முடிக்கலாம்.

என் மகன் பயிற்சிக்குப் போகிறான். நான் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறேன், உள்ளே போவதில்லை. அவனுக்கு அது விளையாட்டு, எனக்கு அது வேறு. இரண்டும் உண்மை என்பதைப் பிள்ளைகளோடு இருந்து பேசுங்கள். நாங்கள் ஏன் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறோம் என்பதை அவர்கள் எங்கள் வாயால் கேட்க வேண்டும்.