செவியை உறுத்தும் சொற்கள்

மொழி வாழ்வது மக்கள் நாவில். நாவுக்கோ புதுமையில் ஆசை மிகுதி. ஆதலால் ஒவ்வொரு தலைமுறையிலும் சில சொற்கள் திடீரெனத் தோன்றி, எல்லார் பேச்சிலும் புகுந்து, கேட்போர் செவியை உறுத்தத் தொடங்குகின்றன. இன்று ஆங்கிலம் பேசுவோரிடையே 'லைக்', 'பேசிக்கலி', 'லிட்டரலி' என்பன இத்தகைய சொற்கள். தேவையற்ற இடத்திலும் அவை வந்து நிற்கின்றன. மொழி கெட்டழிகிறதே என்று முதியோர் வருந்துகின்றனர். இவ்வருத்தம் புதியதன்று, முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இதற்கு உண்டு. அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், எச்சொல்லைக் கண்டு நகைத்துவிட்டுப் போகலாம், எச்சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது விளங்கும்.

சுவிஃப்ட் தொடுத்த போர்

'கல்லிவரின் பயணங்கள்' என்னும் நூலால் நாமறிந்த ஜோனதன் சுவிஃப்ட், அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் சபைக் குரு. 1710 செப்டம்பரில் இலண்டனில் வெளிவந்த 'டாட்லர்' இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அக்காலத்து இளைஞரின் நாகரிகப் பேச்சை அதில் கடுமையாகச் சாடினார். 'பாஸிட்டிவ்' என்பதைப் 'பாஸ்' என்றும், முகத்தைக் குறிக்கும் 'ஃபிஸியோக்னமி' என்பதை 'ஃபிஸ்' என்றும் அவர்கள் வெட்டிக் குறுக்கியது அவருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைக் குறிக்கும் 'மாப்', கேலிப் பேச்சைக் குறிக்கும் 'பேன்ட்டர்' ஆகிய இரண்டையும் தடுக்கச் சில ஆண்டுகள் முயன்றும், எதிரிகளின் தொகைக்கு முன் தோற்றுவிட்டதாக அவரே எழுதினார். அந்நாளைய போர்ச் செய்திகள் வழியே பரவிய 'பட்டாலியன்', 'ஆபரேஷன்', 'கம்யூனிகேஷன்' போன்ற நீண்ட சொற்களும் நிலைக்க மாட்டா என்று கணித்தார்.

நடந்தது என்ன? 'பாஸ்' மறைந்தது, 'ஃபிஸ்' ஏறத்தாழ மறைந்தது. 'மாப்' என்பதும் 'பேன்ட்டர்' என்பதும் இன்று எவ்வகைக் களங்கமுமற்ற ஆங்கிலச் சொற்கள். 'பட்டாலியன்' இல்லாமல் படை இல்லை. 'கம்யூனிகேஷன்' இல்லாமல் அலுவலகமே இல்லை. கூரிய அறிவும் நுண்ணிய செவியும் படைத்த அப்பெருமகனாராலேயே எச்சொல் வாழும், எச்சொல் மாயும் என்று கணிக்க இயலவில்லை.

1712-இல் மொழியைத் திருத்தி நிலைநிறுத்தப் பிரெஞ்சுக் கழகம் போன்றதோர் அமைப்பு வேண்டுமென ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு அவர் விண்ணப்பித்தார். 1714-இல் ஆன் அரசியார் மறைந்து ஆட்சி மாறவே, அத்திட்டமும் மறைந்தது. பின்னர் அகராதி செய்யப் புகுந்த சாமுவேல் ஜான்சனும் தொடக்கத்தில் மொழியை நிலைநிறுத்திவிடலாம் என்றே நம்பினார். 40,000-க்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்து 1755-இல் அகராதியை வெளியிட்டபோதோ, அது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

விளையாட்டாய்ப் பிறந்த சொல்

ஒரு காலத்து மோகம் உலகையே வெல்லவும் கூடும். 1830-களின் இறுதியில் பாஸ்டன் நகரச் செய்தித்தாள்கள், சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அவற்றின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டு வேடிக்கை செய்தன. 'ஆல் கரெக்ட்' என்பதைப் பிழையாக எழுதிப் பெற்ற 'ஓ.கே.' 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் வெளிவந்தது. மறு ஆண்டுத் தேர்தலில், கிண்டர்ஹூக் ஊரினரான குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள், 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்னும் அவரது பட்டப்பெயருக்கும் அதே எழுத்துகள் பொருந்தக் கண்டு, அதை முழக்கமாக்கினர். அவர் தோற்றார், சொல் வென்றது. அதனோடு பிறந்த மற்ற குறுக்கங்கள் பலவும் மாண்டன. இன்று ஓ.கே. சொல்லாத நாடு அரிது.

குற்றம் சொல்லிலா, சொல்பவரிடமா?

'லைக்' என்பதை இடையிடையே பெய்து பேசுவது கலிஃபோர்னியப் பெண்பிள்ளைகளின் கெட்ட பழக்கம் என்று 1980-களில் பலர் எள்ளினர். ஆனால் 1778-இல் ஃபேனி பர்னி எழுதிய 'எவலினா' நாவலிலேயே இத்தகைய வழக்கு காணப்படுகிறது. மெய்யாகவே நிகழாததை 'லிட்டரலி' என்று மிகைப்படுத்துவதும் 1769-ஆம் ஆண்டு நூலொன்றில் உள்ளது. பழம்பொருளைப் புதுக் குற்றமாகக் கருதுகிறோம் என்றால், நமக்கு எரிச்சலூட்டுவது சொல்தானா, அன்றி அதைச் சொல்லும் இளையவரா என்று நம்மை நாமே வினவிக்கொள்வது நலம். வெறுப்புக்குப் பலமுறை இலக்கணம் போர்வையாகிறது.

அஞ்ச வேண்டிய சொற்கள்

அவ்வாறாயின் எல்லாச் சொல்மோகமும் தீங்கற்றதா? அன்று. 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் அரசியலையும் ஆங்கிலத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் வேறொரு வகையைச் சுட்டினார். காவலற்ற சிற்றூர்கள் மீது குண்டு வீசி, மக்களை விரட்டி, அதற்கு 'அமைதிப்படுத்தல்' என்று பெயரிடுவதை அவர் எடுத்துக்காட்டினார். தேய்ந்த சொற்றொடர் சிந்தனையைத் துயிலச் செய்கிறது. துயிலும் சிந்தனைக்குக் கொடுமை தெரிவதில்லை.

1973-இல் வாட்டர்கேட் ஊழல் குறித்து அமெரிக்க மேலவைக் குழு விசாரித்தபோது, 'இப்போது' என்னும் ஒரு சொல் போதுமான இடத்தில் 'அட் திஸ் பாயிண்ட் இன் டைம்' என்று சாட்சிகள் நீட்டி முழக்கினர். 1976 புத்தாண்டில் மிச்சிகன் மாநிலத்து லேக் சுப்பீரியர் அரசுக் கல்லூரி நாடு கடத்தத் தக்க சொற்களின் முதற் பட்டியலை வெளியிட்டபோது, இத்தொடரும் அதில் இடம்பெற்றது. 1991 வளைகுடாப் போரில் பொதுமக்களின் சாவு 'கொலேட்டரல் டேமேஜ்' எனப்பட்டது. தொழிலாளர் வேலையிழப்பது 'டவுன்சைசிங்' ஆயிற்று. இவை யாருடைய இலக்கணத்தையும் மீறவில்லை. நேர்த்தியான உடையணிந்தோர் மேடையில் நின்று சொல்லுவதால் செவியையும் உறுத்துவதில்லை. ஆனால் இறந்தவரும் பட்டினி கிடப்பவரும் இச்சொற்களுக்குள் மறைக்கப்படுகின்றனர்.

நம் இல்லங்களிலும் 'ஆக்சுவலா', 'பேசிக்கலா' என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்கள் பெருகியுள்ளன. பிள்ளைகளைத் திருத்த விரும்பினால் அன்போடு திருத்துவோம்; சிரித்துக்கொண்டே திருத்தினாலும் போதும். அச்சொற்களுள் பல 'பாஸ்', 'ஃபிஸ்' போனவழியே போகும், சில தங்கிவிடும். ஆனால் செய்தித்தாளிலோ அறிக்கையிலோ ஒரு சொல் வழவழவென்று செவிக்குள் நுழையும்போது, அதற்குள் யாருடைய துன்பம் மறைந்திருக்கிறது என்று பிள்ளைகளோடு அமர்ந்து தேடிப் பார்ப்போம். உறுத்தும் சொல்லைவிட, உறுத்த வேண்டிய இடத்தில் உறுத்தாத சொல்லே நம் விழிப்புக்கு உரியது.