பேணுவோர்க்கும் ஒரு சங்கம்

அங்கவீனரைப் பேணுவோர்க்கும் ஒரு சங்கம் வேண்டுமோ என நம்மிற் சிலர் வினவக் கேட்டிருக்கின்றோம். அவர்பொருட்டு இங்கிலாந்து தேசத்துச் சரித்திரமொன்றை ஈண்டு உரைப்போம்.

கிறிஸ்தவ போதகராயிருந்த மேரி வெப்ஸ்டர் என்னும் மாதரசி, முதிய தாய்தந்தையரைப் பேணும்பொருட்டு 1954-ம் வருஷத்தில் தம் ஊழியத்தைத் துறந்தார். மணமின்றி வீட்டோடிருந்து பெற்றோரைக் காக்கும் பெண்டிரது வறுமையையும் தனிமையையும் குறித்து 1963-ல் பத்திரிகைகட்கு எழுதினார். அந்நிலையிலிருந்த பெண்டிர் பலர் அவர்க்குக் கடிதம் விடுத்தனர். 1965-ல் சங்கம் தோன்றிற்று. 1969-ல் அம்மையார் காலமாயினும் சங்கம் தளரவில்லை.

ஆயின் அது மணமாகாத பெண்டிர்க்கென அமைந்தது. 1976-ல் ஊனமுற்றோரைப் பேணுவோர்க்கு அரசாங்கம் அளித்த உதவித்தொகையும் மனைவியர்க்கு மறுக்கப்பட்டது. அவர்கள் எவ்வாறும் வீட்டிலிருப்பவரன்றோ என்பது அதிகாரிகள் கண்ட நியாயம்! நம் இல்லங்களிலும் இந்நியாயம் நிலவுவதை யாமறிவோம்.

ஊனமுற்ற கணவரைப் பேணிவந்த ஜூடித் ஆலிவர், பேணுவோர் யாவர்க்குமாக 1981-ல் வேறொரு சங்கம் நிறுவினார். தாயைப் பேணுதற்கென வேலையைவிட்ட ஜாக்குலீன் டிரேக் என்னும் மணமான மாது வழக்காடினார். 1986-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளிக்க, மனைவியர்க்கும் தொகை கிடைத்தது. இரு சங்கங்களும் 1988-ல் ஒன்றாயின.