நாக்கை நீட்டச் சொன்னவர்கள்

ஓசூர்ல நாக்குக்கு மூணு பேர் உண்டு. தமிழில் நாக்கு, கன்னடத்தில் நாலிகெ, தெலுங்கில் நாலுக. சிப்காட் பக்கம் போனால் நாலாவதாக இந்திக்காரர்களின் ஜீப். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த பையன் ஒருவன் ஜுரத்தோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போது, அவனுக்கும் டாக்டருக்கும் பொதுவான மொழி பெரும்பாலும் இருக்காது. டாக்டர் தன் நாக்கை லேசாக நீட்டிக் காட்டுவார், அவனும் நீட்டுவான். அந்த ஒரு விஷயத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. சரி, நீட்டின நாக்கில் அவர் என்ன பார்க்கிறார்? அதை எப்போதிலிருந்து பார்க்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாகத் துருவினதன் குறிப்புகள் இவை.

நம்ம ஊர்க் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். சித்த மருத்துவத்தில் நோயை அறிய எண்வகைத் தேர்வு சொல்கிறார்கள்: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் நாடிக்குக் கிடைத்த புகழ் மற்ற ஏழுக்கும் கிடைக்கவில்லை. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி காரணமாக மூத்திரத்துக்காவது ஒரு மரியாதை உண்டு. நா பாவம், பட்டியலில் மூணாவது இடத்தில் இருந்தும் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. வாதம் மிஞ்சினால் நாக்கு கறுத்து வெடிக்கும், பித்தம் மிஞ்சினால் சிவந்தோ மஞ்சளாகவோ இருக்கும், கபம் மிஞ்சினால் வெளுத்துப் பிசுபிசுக்கும். ரத்தம் குறைந்த வெளுப்பு நோயில் நாக்கும் வெளுக்கும். ஆயுர்வேதத்தில் யோகரத்னாகரம் சொல்லும் எட்டு ஸ்தானங்களிலும் ஜிஹ்வா உண்டு. இரண்டு பட்டியலும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி.

நாக்கை ஒரு தனிப் படிப்பாகவே ஆக்கியவர்கள் சீனர்கள். ஆவ் என்ற மருத்துவரின் பெயரில் 12 நாக்குப் படங்கள் கொண்ட ஒரு சின்ன நூல் இருந்தது. 1341ல் து சிங்பி என்பவர் அதை 36 படங்களாக விரித்தார். ஜுர நோய்களுக்கான நூல் அது. ஜுரம் நாளுக்கு நாள் மாறும், நாக்கின் நிறமும் படிவும் கூடவே மாறும், அதை வைத்து நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லலாம் என்பது அவர்கள் எண்ணம். 1668ல் ஜாங் தெங் எழுதிய நூலில் 120 படங்கள். நாக்கின் மேல் படிவதற்கு அவர்கள் வைத்த பெயர் பாசியைக் குறிக்கும் அதே சொல். கிணற்றுப் படிக்கட்டில் பிடிக்கும் பாசி! பார்த்துப் பார்த்து வைத்த பெயர்தான். பிறகு நாக்கையே வரைபடமாகப் பிரித்தார்கள்: நுனி இதயத்துக்கு, நடு வயிற்றுக்கும் மண்ணீரலுக்கும், ஓரங்கள் கல்லீரலுக்கு, அடிப்பகுதி சிறுநீரகத்துக்கு. இந்தப் படங்கள் ஐரோப்பாவுக்கும் போயின. படேவியாவில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த கிளெயர் 1682ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வெளியிட்ட லத்தீன் நூலில் சீன நாடி முறையோடு நாக்குப் படங்களும் அச்சாகியிருக்கின்றன.

இங்கே யாராவது போகர் பேச்சை எடுப்பார்கள். போகர் சீனாவிலிருந்து வந்தார் அல்லது சீனாவுக்குப் போனார், ஆகவே நாப் பரிசோதனையும் அவரோடு பயணம் செய்தது என்று. கதை ரசமானது. ஆனால் நம் நூல்களில் நான் பார்த்தவரை உறுப்பு வரைபடமும் இல்லை, படங்களும் இல்லை. முக்குற்றக் கணக்கு மட்டும்தான். வாயைத் திறக்கச் சொன்னால் முதலில் தெரிவது நாக்கு. அதைப் பார்க்க ரெண்டு ஊர்க்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்க வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் படும் வித்தியாசம் வேறு. சீனத்தில் படம், நம்மிடம் பாட்டு. பாட்டை மனப்பாடம் செய்யலாம், ஆனால் 'சிவப்பு' என்றால் எந்தச் சிவப்பு என்று பாட்டு சொல்லாது. அதைக் குருவின் பக்கத்தில் நின்று நூறு நாக்கு பார்த்துத்தான் கற்க வேண்டும். அந்த வரிசை அறுந்தால் கையில் வெறும் வரிகள்தான் மிஞ்சும். 1921ல் மதராஸ் அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் நாட்டு வைத்தியத்துக்காகக் குழு அமைத்தது, 1923ல் அறிக்கை வந்தது. கல்லூரிப் படிப்புக்கு அது வழிவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கும் படிப்பைப் பாடத்திட்டத்தில் எழுதி வைக்க முடியுமா?

இங்கிலீஷ் வைத்தியமும் ஒரு காலத்தில் நாக்கையே நம்பியிருந்தது. 1860களில் ஆல்பட் ஆறு அங்குலத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தார். நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாக்குக்கு அடியில் குச்சியை வைத்துவிட்டு எண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஆனாலும் நாக்கு விட்டுவிடவில்லை. அதற்கு அடுத்த சாட்சி நீலகிரியில் இருக்கிறது. குன்னூரில் மெக்கரிசன் தொடங்கிய உணவு ஆராய்ச்சிக் கூடம், 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தது. சீக்கியர் உணவு தின்ற எலி கொழுகொழுவென்று இருந்தது, மதராசி உணவு தின்றது நோஞ்சானாகிப் போனது. (நமக்குக் கொஞ்சம் அவமானம்தான்.) அவருக்குப் பின் இயக்குநரான அய்க்ராய்டு, கிருஷ்ணனோடு சேர்ந்து 1936ல் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியாவில் அரிசிச் சோறே பெரும்பங்காகச் சாப்பிடுகிறவர்களின் வாய் ஓரம் வெடித்து, நாக்கு புண்ணாகிச் சிவந்து கிடப்பது பி2 வைட்டமின் குறைவால் என்பது அதன் சாரம். அதாவது நாக்கைப் பார்த்துத் தட்டில் என்ன இல்லை என்று சொன்னார்கள். பித்தம் என்று சொன்ன அதே சிவப்புக்கு இன்னொரு விளக்கம், இந்தமுறை சரிபார்க்கக்கூடிய விளக்கம். அந்தக் கூடம்தான் 1958ல் ஹைதராபாத் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இந்த இடத்தில் கிருஷ்ணகிரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இது ராகிச் சீமை. இந்தப் பக்கம் களி, அத்திப்பள்ளி தாண்டினால் அதுவே முத்தெ. தீட்டின அரிசியைப் போல மூணு மடங்கு பி2 ராகியில் இருக்கிறது. கால்சியம் 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம், அரிசியில் 10 சொச்சம். ரேஷன் அரிசியும் கம்பெனி கேன்டீனும் வந்தபின் களி ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாகிவிட்டது. இதே மாவட்டத்தில் வாயைத் திறந்தால் நாக்குக்கு முன்னால் பல் பேசும். நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் பழுப்புக் கோடு விழுந்த பற்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் இருப்பது அதனால்தான். 2013ல்தான் அது திறக்கப்பட்டது. பல்லைப் பார்த்து ஊர்த் தண்ணீரைச் சொல்லிவிடலாம்.

இப்போது கைக்கு எட்டும் சங்கதிக்கு வருகிறேன். 2013 மே மாதம் தமிழ்நாட்டில் குட்கா தடைசெய்யப்பட்டது. ஆனால் பெங்களூரு பக்கமிருந்து ஓசூர் வழியாக வரும் வண்டிகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தி இன்றும் அடிக்கடி வருகிறது. நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்க ஹான்ஸ் அடக்குகிற ஆளை இந்தப் பக்கம் தேடிப்போக வேண்டியதே இல்லை. பாக்கெட்டைக் கீழ் உதட்டுக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டே மெஷின் ஓட்டுவார்கள். அவர்களுடைய நாக்கை, கன்னத்தின் உட்புறத்தை யார் பார்க்கிறார்கள்?

பார்த்தால் பலன் உண்டா என்பதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது, அதுவும் பக்கத்திலிருந்தே. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ல் 13 பஞ்சாயத்துகளில், 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1.9 லட்சம் பேரை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. பாதிப் பேருக்கு மூணு வருஷத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து பார்க்கும் பரிசோதனை, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். சங்கரநாராயணன் குழுவினர் 2005ல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மொத்த மக்கள்தொகையில் கிடைத்த குறைவை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்கேன் இல்லை, ரத்தம் எடுக்கவில்லை. கண்ணால் பார்த்ததுதான்.

நாப் பரிசோதனையில் பழைய மருத்துவர்கள் சொன்ன காரணங்களை நான் நம்பவில்லை. காபி குடித்தால் நாக்கு பழுப்பாகும், இரும்புச் சத்து மாத்திரையில் கறுக்கும், வெற்றிலை போட்டால் சிவக்கும். எல்லாவற்றையும் வாத பித்தத்துக்குக் கணக்கெழுதினால் வம்பு. ஆனால் நோயாளியைப் பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. காரணம் போகட்டும், அந்தப் பழக்கத்தையும் ஏன் சேர்த்துத் தூக்கிப் போட்டோம்?

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். கூட ஒரு டார்ச்சும் துண்டுத் துணியும் போதும். நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைத் துணியால் பிடித்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். நாக்கில் புற்று அதிகம் வருவது இந்த ஓரங்களில்தான். சீன வரைபடத்தில் கல்லீரலுக்கு ஒதுக்கிய இடம் அது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடித்த இடம், ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் அதே வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும்.