தலைவர் நாற்காலி: மேலவளவிலிருந்து பாப்பாபட்டி வரை

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க வார்டு கவுன்சிலர் பேர் என்ன?

சென்னையில இருக்கிற நிறைய பேர் இதுக்குக் கொஞ்சம் யோசிப்பாங்க. அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்ச பிறகு, 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேல அதிகாரிகள்தான் நடத்தினாங்க. குப்பை வண்டி வந்துச்சு, தண்ணி வந்துச்சு. மன்றம் இல்லாததை நம்மில் பலர் கவனிக்கவே இல்லை.

ஆனால் இதே தமிழ்நாட்டில், ஒரு ஊராட்சித் தலைவர் பதவிக்கு மனு போட்டதற்காக வீடுகள் எரிந்திருக்கின்றன. அந்தப் பதவியில் ஜெயித்ததற்காக ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். நமக்குக் கண்ணிலேயே படாத ஒரு நாற்காலி, வேறொரு ஊரில் ஏன் உயிரை வாங்குகிறது? அந்த நாற்காலியில் உட்காரப் போன மனிதர்களின் பக்கத்திலிருந்து இன்னைக்கு இந்த வரலாற்றைப் பார்க்கலாம்.

உத்திரமேரூரில் யாருடைய பெயர் குடத்தில் இல்லை?

உள்ளாட்சின்னு பேச ஆரம்பிச்சாலே நாம பெருமையா எடுத்து வைக்கிற கதை உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. குடவோலை முறை. ஊரை வார்டுகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கணக்குக் காட்டாதவர்கள் மறுபடி நிற்க முடியாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால இவ்வளவு விதிகளை யோசிச்சு எழுதியிருக்காங்க என்பது நிஜமாகவே ஆச்சரியம்தான்.

ஆனால் அதே கல்வெட்டு யாருக்குத் தகுதி என்றும் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் படித்திருக்கணும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அங்கே வயலில் இறங்கி உழைத்தவரின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே வழியில்லை.

இந்தச் சந்தேகத்தைத்தான் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எழுப்பினார். கிராமமே இந்தியாவின் அடிப்படை அலகாக இருக்க வேண்டும் என்று காந்தியவாதிகள் கேட்டார்கள். அம்பேத்கர் ஒத்துக்கொள்ளவில்லை. கிராமம் என்பது குறுகிய மனமும் சாதி வெறியும் குடியிருக்கும் இடம் என்பது அவருடைய வாதம். கடைசியில் பஞ்சாயத்து, அரசியல் சட்டத்தின் 40வது பிரிவில் ஒரு வழிகாட்டு நெறியாக மட்டும் இடம்பெற்றது. செய்தால் நல்லது, கட்டாயம் இல்லை என்ற அளவில்.

கட்டாயமாக்கியது 73வது சட்டத்திருத்தம். 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். மக்கள்தொகைக்கு ஏற்ப பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடங்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல். முக்கியமான விஷயம், இந்த ஒதுக்கீடு உறுப்பினர் பதவியோடு நிற்கவில்லை, தலைவர் பதவிக்கும் வந்தது. தமிழ்நாடு 1994ல் தன் ஊராட்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில். அப்போதுதான் சில ஊர்களில் முதல்முறையாக ஒரு கேள்வி எழுந்தது: "அவங்க நமக்குத் தலைவரா?"

அந்தப் பதவியில் அப்படி என்ன இருக்கு?

ஒரு ஊராட்சித் தலைவருக்கு இன்னைக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். பெட்ரோலுக்கே பத்தாது. பிறகு எதுக்கு இவ்வளவு சண்டை?

குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, தெரு ரோடு எல்லாம் தலைவர் பொறுப்பு. எந்தத் தெருவுக்கு முதல்ல பைப் போகும், எந்தத் தெரு விளக்கு எரியும் என்பதை முடிவு செய்வது அவர். வீட்டு வரி அவருடைய அலுவலகத்தில் கட்டப்படுகிறது. வேலைகளுக்கான டெண்டர் அங்கே நடக்கிறது. இதோடு, ஊர்ப் பொதுச் சொத்தின் மேல் யாருக்குப் பிடி என்ற கேள்வியும் இருக்கிறது. தென் மாவட்டங்களில் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, பொது நிலத்துப் புளிய மரங்களின் மகசூல் எல்லாம் ஏலத்துக்குப் போகும். அந்த ஏலம் பல தலைமுறையாக ஊர்ப் பெரியவர்கள் என்று சொல்லப்படும் சில குடும்பங்களின் கையில் இருந்தது.

இன்னொன்று, மரியாதை. மேலூர்ப் பக்கம் ஊர்த் தலைமைக்கு 'அம்பலம்' என்று பெயர். பரம்பரையாக வருவது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, ஊர்க் கூட்டத்தில் யார் உட்காரலாம், யார் கைகட்டி நிற்கணும் என்பதெல்லாம் அந்தத் தலைமையோடு ஒட்டியது. இப்போ அரசாங்கம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, நேற்று வரை கைகட்டி நின்றவரை அதில் உட்காரச் சொல்கிறது. சண்டை 2,000 ரூபாய்க்கு இல்லைங்க. யார் உட்காருவது, யார் நிற்பது என்பதற்குத்தான்.

மேலவளவு, 1996–97

மதுரை மாவட்டம், மேலூர் வட்டம், மேலவளவு. 1996ல் இந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்களுக்கு மிரட்டல் வந்தது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிக்கப்பட்டன. மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. அக்டோபரில் அங்கே தேர்தல் நடக்கவில்லை.

டிசம்பர் 28ல் மறுபடி தேர்தல். வாக்குச்சாவடிக்குள் புகுந்து கலாட்டா செய்ததில் வாக்குப்பதிவு நின்றுபோனது. டிசம்பர் 31ல் பலத்த போலீஸ் காவலோடு மறுபடி வாக்குப்பதிவு. அதில் ஜெயித்தவர் முருகேசன்.

ஒரு தலைவர் ஜெயித்தால் என்ன செய்வார்? மாலை போடுவாங்க, அலுவலகத்தில் போய் உட்காருவார், வேலையை ஆரம்பிப்பார். முருகேசனால் தன் அலுவலகத்துக்குள் இயல்பாகப் போய் வேலை பார்க்கக்கூட முடியவில்லை. போலீஸ் காவலோடுதான் தலைவராக இருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அவர் ராஜினாமா செய்யவில்லை. இதைக் கவனிச்சு வச்சுக்கோங்க. இந்தக் கதையின் அடுத்த பகுதிக்கு இது முக்கியம்.

1997 ஜூன் 30. முருகேசனும் ஊர்க்காரர்கள் சிலரும் மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார்கள். எரிந்த வீடுகளுக்கான நிவாரணம் பற்றிக் கேட்கத்தான் போனார்கள். ஒரு தலைவர் ஊருக்காகச் செய்ய வேண்டிய சாதாரண வேலை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஊருக்குப் பக்கத்தில் ஒரு கும்பல் பஸ்ஸை மறித்தது. பட்டப்பகலில் ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது. துணைத்தலைவர் மூக்கனும் இறந்தவர்களில் ஒருவர்.

வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு நடந்தது. 2001 ஜூலையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2006ல் உயர் நீதிமன்றமும் 2009ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. ஆனால் 2008ல் சிலரும், 2019 நவம்பரில் 13 பேரும் தண்டனைக் காலம் முடியும் முன்பே தலைவர்கள் நூற்றாண்டை ஒட்டிய சலுகையில் விடுதலையானார்கள். மேலவளவில் அந்த ஆறு பேருக்கும் ஒரு நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஜூன் 30 அன்று அங்கே கூட்டம் கூடுகிறது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி: கத்தி எடுக்காத வழி

இந்த ஊர்களில் யாரும் கத்தியைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளும் 1996ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. தேர்தல் அறிவிப்பு வரும். யாரும் மனு போட மாட்டார்கள். அல்லது ஊர்க்காரர்களே ஒரு தலித்தை நிறுத்துவார்கள். அவர் ஜெயிப்பார், பதவி ஏற்பார், உடனே ராஜினாமா கடிதம் கொடுப்பார். மறுபடி அறிவிப்பு, மறுபடி அதே கதை. பத்து வருஷம் இப்படி ஓடியது.

அந்த ராஜினாமா செய்தவர் பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க. அவர் கூலி வேலை பார்ப்பது அந்த ஆதிக்கச் சாதிக்காரர் நிலத்தில். அவசரத்துக்குக் கடன் வாங்குவது அங்கே. கடை அவர்களுடையது, மாடு மேயப் போகும் பாதையும் அவர்கள் நிலத்து வழியாக. கலெக்டர் அலுவலகமோ மதுரையில். தேர்தல் அன்று வரும் போலீஸ் சாயங்காலம் போய்விடும். மறுநாள் காலையில் அவர் அதே ஊரில்தான் எழுந்திருக்கணும். மேலவளவில் என்ன நடந்தது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு என்ன வழி இருந்தது?

1996ல் அந்த ஊரில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை, பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை தன் ஊருக்கு ஒரு தலைவரைப் பார்க்கவில்லை. தனி அலுவலர்தான் எல்லாம். இதில் இழப்பு தலித் மக்களுக்கு மட்டும் இல்லை, ஊர் மொத்தத்துக்கும்தான். ஆனால் ஆதிக்கச் சாதியினர் அந்த இழப்பை ஏற்கத் தயாராக இருந்தார்கள். எங்களுக்குத் தலைவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் தலைவராகக் கூடாது என்பதுதான் நிலைப்பாடு.

2006 அக்டோபரில் இது உடைந்தது. புதிதாக வந்திருந்த திமுக அரசு இதை ஒரு கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. மதுரை கலெக்டராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் இரு தரப்போடும் பேசினார். அதற்கு முன்பே விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் பல வருஷமாகப் போராடி இந்தப் பெயர்களை மறக்கவிடாமல் வைத்திருந்தார்கள். நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் ராஜினாமா செய்யவில்லை. சென்னையில் அரசு அவர்களுக்கு விழா எடுத்தது.

கொஞ்சம் யோசிச்சா இது விசித்திரமா இல்லையா? ஒரு தலைவர் ஜெயித்த மறுநாளும் பதவியில் இருந்ததற்கு ஒரு விழா!

நாற்காலி கிடைத்த பிறகு

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 2011 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, ஆட்டோவில் வீடு திரும்பும்போது வெட்டப்பட்டார். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்டும் முயற்சியில் எதிர்ப்பைச் சந்தித்தவர் அவர். பல வெட்டுகளோடு உயிர் பிழைத்தார். 2020 ஆகஸ்ட் 15ல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஒரு தலித் பெண் தலைவரைக் கொடியேற்றவே விடவில்லை. செய்தி பரவிய பிறகு, சில நாள் கழித்து அதிகாரிகள் முன்னிலையில் ஏற்றினார். அதே வருஷம் அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தில் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த போட்டோ வைரலானது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது: பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று.

போட்டோவில் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆனால் ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவரும் சேர்ந்து ஒப்புதல் தரணும். ஊழலைத் தடுக்கப் போட்ட விதிதான். தலைவர் தலித், துணைத்தலைவர் ஆதிக்கச் சாதி என்றால், அவர் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும். தெருவிளக்குக்குப் பல்பு வாங்க முடியாது. ஆறு மாசம் கழித்து ஊரே சொல்லும்: "இவங்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியல."

அதே சட்டங்கள் வேறு கதையையும் எழுதியிருக்கின்றன. நகராட்சிகளுக்கான 74வது திருத்தம் வழியே வந்த ஒதுக்கீட்டில்தான் 2022 மார்ச்சில் ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயர் ஆனார். பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் போய் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் மனு போடவே ஆள் இல்லாத ஊர் அது.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. புதுத் தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பாப்பாபட்டியில் ஒரு சாதி பத்து வருஷம் தடுத்து நிறுத்தித்தான் தனி அலுவலர் ஆட்சி வந்தது. இங்கே யாரும் தடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மேலவளவின் ஆறு பேர் உயிரைக் கொடுத்தது, ஊரை அதிகாரி ஆளக்கூடாது, நாங்களும் ஆளலாம் என்பதற்காக. அதனால அடுத்த முறை உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகுதுன்னு செய்தி வந்தா, அதை ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க. உங்க தாத்தா பாட்டி ஊர்ல கிராம சபை நடந்தா, ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்க. அங்கே யார் நாற்காலியில இருக்காங்க, யார் நிக்கிறாங்கன்னு கவனிங்க.