யாழ் நரம்பு முதல் நைலான் வரை: தாழ்சுருதி யுகுலேலேயும் கிதார் தந்திகளும்

யுகுலேலே என்பது கிதார் குடும்பத்தைச் சேர்ந்த, நான்கு தந்திகள் கொண்ட சிறிய இசைக்கருவி. இதன் தாழ்சுருதி வகைகளுக்குச் செவ்வியல் கிதாரின் தந்திகளைப் பூட்டும் வழக்கம் உண்டு. இவ்வழக்கம் எப்படிப் பொருந்தி வந்தது, எந்தத் தந்தியை எங்கே பூட்டலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நரம்பும் கம்பியும்

தமிழில் 'நரம்பு' என்னும் சொல் உடலின் நரம்பையும் யாழின் தந்தியையும் ஒருங்கே குறிக்கும். கோடு, பத்தர், நரம்பு என யாழின் உறுப்புகளைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. இன்றைய வீணையில் இருப்பவையோ எஃகு, பித்தளைக் கம்பிகள். ஐரோப்பியக் கிதார் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் குடல்தந்தியையே நம்பியிருந்தது. குடல்தந்தி ஈரக்காற்றில் சுருதி விலகும். விரைவில் அறுந்தும் போகும்.

யுகுலேலேயின் பிறப்பு

1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் போர்த்துகலின் மதீராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலு வந்தடைந்தது. அதில் வந்த மானுவேல் நூனஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூன்று தச்சர்கள் தம் ஊர்ச் சிறுகிதாரைத் தழுவிச் செய்த கருவியே யுகுலேலே ஆயிற்று. ஹவாய் மன்னர் கலாகௌவா அதை அரண்மனை விழாக்களில் ஆதரித்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சி அதை அமெரிக்கா முழுவதும் பரப்பியது.

நைலான் வந்த வழி

1935இல் டூபாண்ட் நிறுவனத்தின் வாலஸ் கரோத்தர்ஸ் குழு நைலானை உருவாக்கியது. இரண்டாம் உலகப்போரின்போது குடல்தந்திக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சைத் தையலுக்கும் குடல் நூலே தேவைப்பட்டது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் கிதார் தந்திகள் செய்தார். கிதார் மேதை ஆண்ட்ரேஸ் செகோவியா அவற்றை ஏற்று வாசித்ததால் அவை நிலைபெற்றன.

அதே இழை நம் கடற்கரையின் தொழிலையும் மாற்றியது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியது நெட்டுக்குப்பம். இதுபோன்ற மீனவர் ஊர்களில் பருத்தி நூல் வலையின் இடத்தை நைலான் வலை பிடித்தது. தூண்டிலுக்கும் வலைக்கும் பயன்படும் ஒற்றையிழைத் தங்கூசியும் கிதாரின் மெல்லிய நைலான் தந்தியும் ஒரே குலம். இன்று யுகுலேலேக்குப் பூட்டப்படும் புளூரோகார்பன் தந்தியும் தூண்டில் இழையாகவே முதலில் புகழ்பெற்றது.

தாழ்சுருதி வகைகள்

வழக்கமான யுகுலேலேயின் சுருதி ஜி, சி, ஈ, ஏ. இதில் நான்காம் தந்தியான ஜி உயர்ந்தே ஒலிக்கும். அதை ஒரு ஸ்தாயி இறக்கினால் 'தாழ் ஜி' அமைப்பு. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய பாரிடோன் யுகுலேலேயின் சுருதி டி, ஜி, பி, ஈ. இது கிதாரின் மேல் நான்கு தந்திகளின் சுருதியே.

கணக்கு சொல்வது

ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைத்தால், அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கிதார் தந்தியின் அதிர்வு நீளம் 65 செ.மீ.; பாரிடோனில் ஏறக்குறைய 50 செ.மீ. ஆகவே அதே தந்தி அதே சுருதியில் கிதாரின் இழுவிசையில் 60 விழுக்காடு அளவே தாங்கும். சற்றுத் தளர்வாகத் தோன்றினால் 'ஹார்டு டென்ஷன்' எனக் குறித்த தொகுப்பை வாங்கலாம்.

டெனார் யுகுலேலேயின் நீளம் சுமார் 43 செ.மீ. கிதாரின் டி, ஜி, பி, ஈ தந்திகளை அதில் ஜி, சி, ஈ, ஏ என ஏற்றினால், கிதாரின் ஐந்தாம் மெட்டில் கிளிப் மாட்டியதுபோன்ற சுருதி கிடைக்கும். அப்போது இழுவிசை கிதாரில் இருந்ததில் 78 விழுக்காடு. தாழ் ஜிக்குக் கிதாரின் நான்காவதான, உலோகச் சுற்றுள்ள டி தந்தியே ஏற்றது. ஒரே எழுத்து என்பதால் கிதாரின் மூன்றாம் ஜி தந்தியைப் பூட்டினால், இழுவிசை 44 விழுக்காடாகக் குறைந்து தந்தி தொங்கும், ஒலியும் மங்கும். ஐந்தாம் தந்தியான ஏ-யை ஏற்றினாலோ 139 விழுக்காடாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

எஃகுத் தந்தியை யுகுலேலேயில் பூட்டவே கூடாது. நைலானுக்கென மெல்லிய பலகையில் ஒட்டிய குதிரை அந்த இழுவிசையில் பெயர்ந்துவிடும். சுற்றுத் தந்தி தடிமனானது; மேல்முனைப் பள்ளத்தில் அமராவிட்டால் அழுத்திச் செருகாமல், பள்ளத்தைச் சிறிது அகலப்படுத்த வேண்டும். கடலில் போட்டு உரசித் தேய்ந்த தங்கூசி எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இராது. அதில் சுருதி சேராது. புதிய நைலான் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். சுருதி இறங்குவதைக் கண்டு கருவி பழுது என்று ஒதுக்கிவிடாமல் நாள்தோறும் சேர்த்துவந்தால் அது நிலைக்கும். ஒரு கிதார் தொகுப்பின் ஆறு தந்திகளில் நான்கே போதும் என்பதால், தனி யுகுலேலேத் தொகுப்பு கிடைக்காத ஊரிலும் மாணவர் கற்றலை நிறுத்த வேண்டியதில்லை.