மூதாதை அல்ல, பங்காளி!

1938 டிசம்பர் 22. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகம். விசித்திரமான மீன் ஏதாவது வலையில் சிக்கினால், அந்த ஊர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமருக்குச் சொல்லி அனுப்புவது கேப்டன் ஹெண்ட்ரிக் கூசனின் வழக்கம். அன்று மீன் குவியலுக்கு அடியில் தெரிந்தது ஒரு நீலத் துடுப்பு. இழுத்துப் போட்டால் ஐந்தடி நீளம், 57 கிலோ! டாக்சிக்காரர் முதலில் ஏற்ற மாட்டேன் என்றார். கோடை வெயில் வேறு. பிணவறையில் இடம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் தோலையாவது காப்பாற்றலாம் என்று பாடம் செய்யக் கொடுத்தார். குடல், ஈரல், செவுள் எல்லாம் குப்பைக்குப் போயின.

அவர் படம் வரைந்து அனுப்பிய கடிதம் ஜே.எல்.பி. ஸ்மித் கைக்குக் கிடைத்தது 1939 ஜனவரி 3 அன்று. (ஸ்மித் பாடம் நடத்தியது வேதியியல், மீன் ஆராய்ச்சி அவருடைய பைத்தியம்.) அது சீலகாந்த். டைனோசர்களோடு சேர்ந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய மீன்!

இதில் என்ன பெரிய விஷயம்? சாதாரண மீனின் துடுப்பு விசிறி மாதிரி உடம்பிலிருந்தே விரியும். இதற்கோ எலும்பும் சதையும் உள்ள ஒரு தண்டின் நுனியில்தான் துடுப்பு. இந்த வகை மீன்களிலிருந்துதான் சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் நாலு கால் பிராணிகள் வந்தன. நம் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள ஒற்றை எலும்பின் ஆரம்பமே அங்கேதான். எனவே 'நம் மூதாதை கிடைத்துவிட்டார்' என்று கொண்டாடினார்கள். ஆனால் சோதித்துப் பார்க்க உள்ளுறுப்பு ஒன்றுகூட இல்லையே!

ஸ்மித் 100 பவுண்டு பரிசு அறிவித்து நோட்டீஸ் அடித்தார். இரண்டாவது மீன் கிடைக்க 14 வருடம் ஆனது. 1952-ல், கொமோரோ தீவுகளில். பிரதமரே ராணுவ விமானம் கொடுத்து அனுப்பினார். வேடிக்கை என்னவென்றால், அங்குள்ள மீனவர்களுக்கு அது பழகிய மீன்தான். 'கொம்பெஸ்ஸா' என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2013-ல் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நமக்கு நெருங்கிய சொந்தம் நுரையீரல் மீன்தான் என்று உறுதியானது. சீலகாந்த் கொஞ்சம் தூரத்துப் பங்காளி. கடலடித் தரையில் அது நடக்கும் என்ற ஊகமும் பொய்த்தது. 1987-ல் ஹான்ஸ் ஃப்ரிக்கே நீர்மூழ்கியில் போய்ப் பார்த்தார். அது தரையில் துடுப்பை ஊன்றவே இல்லை. ஆனால் நீந்தும்போது முன் இடதும் பின் வலதும் சேர்ந்து அசைந்தன, பிறகு முன் வலதும் பின் இடதும். குதிரை துள்ளுநடையில் ஓடுவது போலவே.